"இன்னிக்கு ரேட்டு என்ன பாப்பா?"

அப்பா தொலைபேசியை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டியா" என்பதல்ல. "இன்னிக்கு ரேட்டு என்ன பாப்பா?" என்பதுதான். சிங்கப்பூர் வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று சொன்ன பிறகுதான் மழை, நெல் விலை, அம்மாவின் முட்டி வலி எல்லாம் வரும்.

அப்பா சிங்கப்பூரை விட்டுப் போய்ப் பதினாறு வருடமாகிறது. அவருக்கு இப்போது அனுப்பவும் ஒன்றுமில்லை, மாற்றவும் ஒன்றுமில்லை. ஆனாலும் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தினமும் ரேட்டு கேட்கிறார். நான் சொன்னதும், "பரவால்ல, ஏறியிருக்கு" என்றோ "எறங்கிருச்சா?" என்றோ ஒரு வார்த்தை சொல்வார். முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவருடைய பழைய நோட்டு கையில் கிடைத்தது. அதிலிருந்து சிரிப்பு வருவதில்லை.

அது ஒரு நீளவாட்டு கணக்கு நோட்டு. அட்டையில் மஞ்சள் தடவியிருந்தது. உள்ளே நான்கு கட்டம்: தேதி, வெள்ளி, ரேட்டு, கூலி. 1993ல் தொடங்கி 2009ல் முடிகிறது. அப்பா கட்டுமான வேலைக்கு வந்தவர். முதல் வேலையில் ஒரு நாள் சம்பளம் 18 வெள்ளி. முதல் வரியில் ரேட்டு 20ஐத் தொடவில்லை. கடைசி வரியில் 33. இடையில் பதினாறு வருடம், மாதம் ஒன்று என்று ஏறக்குறைய 190 வரிகள். மாதம் தவறியதே இல்லை. நான் பிறந்த மாதத்தில் மட்டும் இரண்டு வரி இருந்தது.

நான் ஒரு தளவாட நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். கட்டத்தைப் பார்த்தால் கூட்டாமல் இருக்கக் கை விடாது. 'கூலி' என்ற கடைசிக் கட்டத்தைக் கூட்டினேன். 1,296 வெள்ளி வந்தது. அப்பாவின் முதல் சம்பளத்தில் அது 72 நாள் வேலை. பணம் சம்பாதிக்க அல்ல, சம்பாதித்த பணத்தை வீட்டுக்கு அனுப்புவதற்காக மட்டும் 72 நாள் வெயிலில் நின்றிருக்கிறார்.

அதுவும் அவர் எழுதி வைத்த கூலிதான். எழுதாத கூலி ஒன்று உண்டு. அது ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும். சந்தையில் ஒரு ரேட்டு இருக்கும், கடையில் நமக்குக் கொடுப்பது வேறொரு ரேட்டு. நடுவில் இருக்கும் பைசாக்களை எந்த ரசீதும் தனியாகக் காட்டாது.

வளையல் போன கதை

எனக்கு இந்த விஷயம் வெறும் கணக்காக இல்லாமல் போனது 2018ல். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். நான் அன்று இரவே செயலியைத் திறந்து பணத்தை அனுப்பிவிட்டேன். என் கணக்கில் கழிந்துவிட்டது. "அனுப்பப்பட்டது" என்று திரையில் பச்சை எழுத்து வந்தது.

சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை அங்கே அரசு விடுமுறை. செவ்வாய் மதியம்தான் அப்பாவின் கணக்கில் ஏறியது. அதற்குள் சின்னம்மா தன் கை வளையல் இரண்டையும் கழற்றி அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். வளையலை மூன்று மாதத்தில் மீட்டுக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த நான்கு நாளும் நான் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கேள்வி அப்படியே தங்கிவிட்டது. என் கணக்கிலும் இல்லை, அப்பா கணக்கிலும் இல்லை. அந்தப் பணம் அந்த நான்கு நாள் எங்கே இருந்தது?

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பணம் விமானம் ஏறிப் போவதில்லை. இங்குள்ள வங்கி, இந்திய வங்கி ஒன்றில் ஒரு கணக்கு வைத்திருக்கும். நேரடியாக இல்லாவிட்டால் நடுவில் இன்னொரு வங்கி. "இந்தக் கணக்கில் கழித்து அந்தக் கணக்கில் சேர்" என்று ஒரு தகவல் போகும். ஒவ்வொரு வங்கியும் தன் வேலை நேரத்தில், பெயரைச் சரிபார்த்து, கறுப்புப் பணமா என்று சோதித்து, அடுத்தவருக்குத் தள்ளும். ஒருவர் கதவைச் சாத்திவிட்டால் தகவல் வாசலில் காத்திருக்கும். அம்மா தஞ்சாவூரில் காத்திருந்ததுபோல.

மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்து தேக்கா வரை

தமிழர்கள் இந்த ஊரிலிருந்து பணம் அனுப்புவது நேற்று இன்று தொடங்கியதல்ல. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல செட்டியார்கள் வரிசையாகக் கணக்குப் பெட்டியோடு உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் செய்த இடம். உண்டியல் என்பது ஒரு துண்டுச் சீட்டுதான். இங்கே கொடுத்த காசுக்கு அங்கே காரைக்குடிப் பக்கத்தில் உறவுக்காரர் பணம் எண்ணித் தருவார். நடுவில் இருந்த ஒரே இயந்திரம் நம்பிக்கை. 1970களில் அந்த வட்டாரம் சீரமைக்கப்பட்டபோது கிட்டங்கிகளும் இடிக்கப்பட்டன.

அந்த மரபிலிருந்து வந்ததுதான் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் அதைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளை திறந்தார். கடல் தாண்டிப் போன தமிழனின் பணம் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது.

அப்பா காலத்தில் அது சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமையாக மாறியிருந்தது. காலையில் விடுதியிலிருந்து பேருந்து. வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு. பிறகு பஃப்ளோ சாலைப் பக்கம் நடந்து மூன்று கடையில் ரேட்டு விசாரித்து, நல்ல ரேட்டு கொடுக்கும் கடையில் வரிசை. ஒரு மணி நேரமானாலும் நிற்பார்களாம். முன்னால் நிற்பவர் அறந்தாங்கி, பின்னால் நிற்பவர் பட்டுக்கோட்டை. யார் வீட்டில் கல்யாணம், எந்த முதலாளி சம்பளம் இழுக்கிறார் எல்லாம் அந்த வரிசையில்தான் தெரியும். "லைன்ல நின்னா ஊர்ல நிக்கிற மாதிரி" என்பார் அப்பா.

புன்னகை வாரமும் வரிசையும்

2006 செப்டம்பரில் அனைத்துலகப் பண நிதியமும் உலக வங்கியும் தங்கள் ஆண்டுக் கூட்டத்தைச் சிங்கப்பூரில் நடத்தின. சன்டெக் மாநாட்டு மையத்தில் உலகத்து நிதி அமைச்சர்கள் கூடினார்கள். விருந்தினர்களை வரவேற்க 'நாற்பது லட்சம் புன்னகைகள்' என்று ஓர் இயக்கமே நடந்தது. அப்பாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. "எங்க பாத்தாலும் சிரிக்கிற மூஞ்சி போட்டோ. என்ன விசேஷம்னு கேட்டேன். ஒலகத்துக் காசு விஷயம் பேச வந்திருக்காங்கன்னு சொன்னாங்க" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வரிசையில்தான் நின்றிருக்கிறார். நோட்டில் வரி இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். பண நிதியத்தில் வளரும் நாடுகளுக்கு உரிய இடம் இல்லை என்ற நெடுநாள் குறைக்கு முதல் படியாக சீனா, தென்கொரியா, மெக்சிகோ, துருக்கி ஆகிய நான்கு நாடுகளின் பங்கைக் கூட்டினார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா அந்தத் தீர்மானத்தை எதிர்த்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகப் பொருளாதார விதிகளை எழுதும் மேசைகள் அநேகமாக நாம் இல்லாத காலத்தில் போடப்பட்டவை. 'பிஐஎஸ்' எனப்படும் அனைத்துலகத் தீர்வு வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கி அது. முதல் உலகப் போருக்காக ஜெர்மனி கட்ட வேண்டியிருந்த இழப்பீட்டைக் கையாள 1930ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கப்பட்டது. அப்போது இந்தியாவும் பிரிட்டிஷ் ஆட்சியில். சிங்கப்பூரும் பிரிட்டிஷ் ஆட்சியில். 1996ல்தான் அது வளரும் நாடுகள் சிலவற்றையும் சேர்த்து ஒன்பது மத்திய வங்கிகளை உறுப்பினராக அழைத்தது. இந்தியாவும் சிங்கப்பூரும் அதே பட்டியலில் ஒன்றாக இருந்தன. அதாவது அப்பா வரிசையில் நிற்கத் தொடங்கி மூன்று வருடம் கழித்து.

அதன் பிறகு நம்மவர் முகங்கள் அந்த மேசைகளில் தெரிய ஆரம்பித்தன. ரகுராம் ராஜன் பண நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்தார். பிறகு ரிசர்வ் வங்கி ஆளுநரானபோது பிஐஎஸ் வாரியத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தர்மன் சண்முகரத்தினம் 2011ல் பண நிதியத்தின் கொள்கை வழிகாட்டும் குழுவுக்குத் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர் அவர். பின்னர் உலக நிதி நிர்வாகத்தைச் சீரமைப்பது பற்றி ஜி20 அமைத்த நிபுணர் குழுவுக்கும் தலைமை ஏற்றார். இன்று அவர் நம் அதிபர். பெருமைதான். ஆனால் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு அடுத்த கேள்வி வருகிறது: மேசையில் இடம் கிடைத்ததால் வரிசை குறைந்ததா?

இலக்கு வைப்பதும் குழாய் போடுவதும்

பணம் அனுப்பும் செலவு அதிகம் என்பது பெரிய அமைப்புகளுக்கும் தெரியாததல்ல. 2009ல் இத்தாலியின் லாக்குவிலா நகரில் கூடிய ஜி8 நாடுகள், அப்போது ஏறக்குறைய 10 விழுக்காடாக இருந்த சராசரிச் செலவை ஐந்து வருடத்தில் 5 விழுக்காடாகக் குறைப்போம் என்றன. குறையவில்லை. 2015ல் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் வளர்ச்சி இலக்குகளில் 2030க்குள் 3 விழுக்காடு என்று எழுதினார்கள். 2020ல் ஜி20, எல்லை தாண்டிய பணப் பரிமாற்றத்துக்கு ஒரு வழித்திட்டம் வகுத்தது. உலக வங்கி 200 டாலர் அனுப்புவதற்கு ஆகும் செலவை அளந்து தொடர்ந்து வெளியிடுகிறது. உலகச் சராசரி இன்னும் 6 விழுக்காட்டுக்கு மேல்தான்.

ஏன் குறையவில்லை? இலக்கு வைப்பது ஒரு வேலை, குழாய் போடுவது வேறு வேலை. இலக்கை வாஷிங்டனிலோ பாசலிலோ எழுதலாம். குழாயை அனுப்புகிற நாடும் வாங்குகிற நாடும்தான் சேர்ந்து போட வேண்டும். அந்த இடத்தில்தான் வளரும் நாடுகள் வெறுங்கையோடு வராமல் தங்கள் சொந்தச் சரக்கோடு வந்தன. இந்தியா 2016ல் யுபிஐ கொண்டுவந்தது. தாய்லாந்து 2017ல் 'பிராம்ப்ட்பே' கொண்டுவந்தது. அதே ஆண்டு இங்கே 'பேநவ்' வந்தது. காய்கறிக் கடையில்கூட நொடியில் பணம் போகும் வசதி இந்த நாடுகளில் பல பணக்கார நாடுகளைவிட முந்தி வந்துவிட்டது.

2021 ஏப்ரலில் சிங்கப்பூரும் தாய்லாந்தும் தங்கள் இரண்டு முறைகளையும் இணைத்தன. உலகிலேயே இப்படிப்பட்ட முதல் இணைப்பு அது. அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தியாவுடன் இணைப்பு என்று அறிவித்து, 2022 ஜூலைக்குள் முடிப்போம் என்றார்கள். முடிந்தது 2023 பிப்ரவரி 21ல். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் காணொளியில் பார்த்திருக்க, ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநராக அப்போது இருந்த ரவி மேனனும் கைப்பேசியில் பணம் அனுப்பித் தொடங்கி வைத்தார்கள். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், அதாவது ஏறக்குறைய 1,000 வெள்ளி வரை.

அன்று மதிய உணவு நேரத்தில் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தியப் பக்கத்தில் முதலில் சேர்ந்த வங்கிகளின் பட்டியலில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன. இரண்டும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. காரைக்குடியில் திறந்த கிளையின் கதை சுற்றிவந்து என் கைப்பேசிக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

அப்பாவின் கணக்கு அந்த இரண்டில் ஒன்றில்தான். பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்து யுபிஐ முகவரி போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதற்கே ஒரு மாதம் ஆனது. ஒரு ஞாயிறு மாலை அப்பாவோடு பேசிக்கொண்டே 100 வெள்ளி அனுப்பினேன். நான் "அனுப்பிட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"கூலி எவ்ளோ?"

"கூலின்னு தனியா ஒண்ணும் காட்டலப்பா."

"அப்போ ரேட்டுக்குள்ள இருக்கும். நல்லாப் பாரு."

பதினாறு வருடம் வரிசையில் நின்றவரை எந்தச் செயலியும் ஏமாற்ற முடியாது.

இருபது ஊருக்கு எத்தனை பாலம்?

இரண்டு நாட்டை இணைக்கவே ஒன்றரை வருடம் ஆனது. ஐந்து நாடுகள் ஒன்றோடொன்று இணைய வேண்டுமானால் 10 பாலம் வேண்டும். இருபது நாடு என்றால் 190 பாலம். ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி மென்பொருள், தனிச் சோதனை. அதற்குப் பதில் நடுவில் ஒரே ஒரு சந்திப்பு வைத்து, ஒவ்வொரு நாடும் ஒருமுறை அதில் இணைந்தால் போதும் என்பதுதான் 'நெக்சஸ்' திட்டம். திருச்சிக்கு வந்துவிட்டால் எந்த ஊருக்கும் பேருந்து மாறலாம் என்பதுபோல.

இந்த யோசனை வளர்ந்தது பாசலில் அல்ல, இங்கே. பிஐஎஸ் தன் புத்தாக்க மையங்களில் ஒன்றைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தோடு சேர்ந்து 2019 நவம்பரில் இங்கே திறந்தது. நெக்சஸ் அந்த மையத்தின் திட்டம். 2024 ஜூன் 30ல் இந்தியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாட்டு மத்திய வங்கிகள் பாசலில் ஒப்பந்தம் போட்டன. இந்தோனேசியா பார்வையாளராக இருந்தது. பெரும்பாலான பரிமாற்றங்கள் 60 நொடிக்குள் முடிய வேண்டும் என்பது நோக்கம். அதை நடத்துவதற்கான நிறுவனமும் 2025ல் சிங்கப்பூரிலேயே பதிவு செய்யப்பட்டது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு இன்னும் வரவில்லை.

எனக்குப் பிடித்தது வேகம் மட்டுமல்ல. அந்த ஐந்து நாடுகளையும் பாருங்கள். பிலிப்பீன்ஸ் பணிப்பெண்களையும் மாலுமிகளையும் உலகெங்கும் அனுப்பும் நாடு. இந்தியா உலகிலேயே அதிகமாக வெளிநாட்டுப் பணம் பெறும் நாடு; உலக வங்கி மதிப்பீட்டில் 2024ல் ஏறக்குறைய 129 பில்லியன் டாலர். அந்தப் பணத்தின் ஒரு பகுதி கிளம்பும் நாடு சிங்கப்பூர். வலி யாருக்கோ அவர்களே மருந்துச் சீட்டு எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய அமைப்பின் பெயரும் அனுபவமும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த அமைப்புக்கு இவர்களுடைய குழாய்கள் தேவைப்பட்டன. ஒருவர் கற்றுக்கொடுக்க, மற்றவர் கைகட்டிக் கேட்கும் உறவாக அது இல்லை.

வரிசையில் இன்னும் நிற்கும் அண்ணன்

இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு முடித்திருக்கலாம். ஆனால் போன மாதம் ஒரு ஞாயிறு, தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் ஊர்க்கார அண்ணன் ஒருவரைப் பார்த்தேன். பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அப்பா நின்ற அதே சாலை.

"என்னண்ணே, கைப்பேசிலேயே அனுப்பலாமே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது.

அண்ணன் பொறுமையாகச் சொன்னார். "எங்க வீட்டுக்காரி கணக்கு ஊர்ல கூட்டுறவு வங்கில இருக்கும்மா. அந்த லிஸ்டுல அது இல்ல. டவுன் பேங்க்ல புதுசா தொறக்கணும்னா அவ கூலி வேலைய விட்டுட்டு ஒரு நாள் போகணும். ரெண்டு தடவ போனா, ரெண்டு தடவயும் ஏதோ ஒரு பேப்பர் பத்தலன்னு அனுப்பிட்டாங்க."

2025 ஜூலையில் இந்தியப் பக்கம் மேலும் 13 வங்கிகள் சேர்ந்து மொத்தம் 19 ஆகியிருக்கின்றன. அண்ணன் மனைவியின் வங்கி அந்தப் பத்தொன்பதில் இல்லை. பாசலில் கையெழுத்தான தாள் அவர்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியின் மர மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. நொடியில் போகும் பணம் தவறான கையில் போனாலும் நொடியில்தான் போகும். 2024ல் சிங்கப்பூரில் மோசடிக்காரர்களிடம் மக்கள் இழந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அன்றாட உச்சவரம்பு, பெயர்ச் சரிபார்ப்பு போன்றவை நம்மை எரிச்சலூட்டலாம். ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. 2018ல் நான்கு நாள் காத்திருந்தவள் நான். அந்தச் சோதனைகளே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோதனை நான்கு நாள் ஆக வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி.

அண்ணன் அன்று மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார். ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் 20 பைசா வித்தியாசம். 800 வெள்ளிக்கு அது 160 ரூபாய். "புள்ளைக்கு ஒரு வாரம் பஸ் காசு" என்றார். ஆனால் நல்ல ரேட்டு கொடுத்த கடையில் கூலி அதிகம். எது லாபம் என்று அவருக்குக் குழப்பம். மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு எளிதாக இருக்க, சந்தை ரேட்டு 65 என்று வைத்துக்கொள்வோம். 500 வெள்ளிக்கு 32,500 ரூபாய் வர வேண்டும். கடை கொடுக்கும் ரேட்டு 64.50 என்றால் வருவது 32,250 ரூபாய். குறையும் 250 ரூபாயை 65ஆல் வகுத்தால் 3.85 வெள்ளி. இதுதான் ஒளிந்திருக்கும் கூலி. ரசீதில் தெரியும் கூலி 5 வெள்ளி என்றால் மொத்தம் 8.85 வெள்ளி. 500க்கு அது ஏறக்குறைய 1.8 விழுக்காடு. உலகம் 2030க்குள் எட்ட நினைக்கும் 3 விழுக்காட்டை நம் தடத்தில் இப்போதே தாண்டி வந்துவிட முடிகிறது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இது கனவு.

ஆனால் அதே கடையில் 100 வெள்ளி மட்டும் அனுப்பிப் பாருங்கள். கூலி அதே 5 வெள்ளி. ரேட்டு வித்தியாசத்தையும் சேர்த்தால் 5.8 விழுக்காடு ஆகிவிடும். குறைவாகச் சம்பாதிப்பவர், குறைவாக அனுப்புபவர்தான் வெள்ளிக்கு வெள்ளி அதிகம் கொடுக்கிறார். சராசரி என்ற ஒற்றை எண் இவரைக் காட்டுவதில்லை.

அண்ணன் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இத விடுதில எல்லாருக்கும் காட்டறேன்" என்றார். பிறகு கேட்டார்: "எங்க கூட்டுறவு வங்கிக்கு எப்பம்மா வரும்?"

என்னிடம் பதில் இல்லை. அண்ணன் வரிசையில் நகர்ந்தார். முன்னால் நின்றவர் திருத்துறைப்பூண்டி என்று அறிமுகமாகிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று இரவு அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஐந்து நாடு, ஒப்பந்தம், 60 நொடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல விஷயம்தான். அந்தப் பையன் பொண்டாட்டிக்குக் கணக்கு தொறக்க நான் கூடப் போய்ட்டு வரட்டுமா? எந்தத் தெருவுன்னு கேட்டுச் சொல்லு. மேனேஜர் எனக்குத் தெரிஞ்ச பையன்தான்" என்றார்.

போய்விட்டும் வந்துவிட்டார். இரண்டு வாரத்தில் கணக்குத் திறந்தாயிற்று. யுபிஐ முகவரி போட்டுக் கொடுத்தது அதே பக்கத்து வீட்டுப் பையன். அண்ணன் முதல் தடவை 50 வெள்ளி அனுப்பிப் பார்த்துவிட்டு எனக்கு அழைத்தார். குரலில் சந்தோஷம். ஆனால் அடுத்த ஞாயிறும் தேக்காவுக்குப் போவாராம். "காசு அனுப்பத்தான் லைன் வேணாம். ஆளப் பாக்க வேணாமா?"

நேற்று அப்பாவுக்கு அழைத்தேன்.

"இன்னிக்கு ரேட்டு என்ன பாப்பா?"

"அறுபத்தெட்டு சொச்சம்ப்பா."

"இரு, எழுதிக்கிறேன்" என்றார். நோட்டில் புதிதாகக் கட்டம் போட்டிருக்கிறாராம். கூலிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. "உள்ள ஒளிஞ்சிருக்கிறத நீ கணக்குப் போட்டுச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்."